மில்லுக்குப் போகும் கண்ணுக்கு

கண்ணு, டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்து ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராகச் சேரப் போகிறாய். நூலைப் பற்றிக் காலேஜில் சொல்லியிருப்பார்கள். நூல் ஓட்டுகிற மனுஷர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

1. தெரியாததைக் கூச்சப்படாமல் கேள். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை சிரித்துவிட்டால், அந்த இடத்தில் அடுத்த ஆள் வாய் திறக்க மாட்டான், தெரியாமலே மெஷினில் கை வைப்பான். உன்னிடம் கேட்பவர் யாராக இருந்தாலும் நின்று பதில் சொல்.

2. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஃப்ரேம் பக்கத்தில் இரு. நோட்டில் "சரி செய்யப்பட்டது" என்று மட்டும்தான் எழுதியிருக்கும். ராத்திரி ஹியூமிடிட்டி இறங்கியதும் ரோலரில் பஞ்சு சுற்ற ஆரம்பித்தது, எந்தப் பக்கம் நூல் அதிகமாக அறுந்தது என்பதெல்லாம் வீட்டுக்குக் கிளம்புகிறவர் வாயில்தான் இருக்கும். நான் பார்த்த ஒரு மில்லில் ஷிப்டுகளுக்குள் உற்பத்திப் போட்டி வைத்து, ஜெயித்தவர்களுக்கு மட்டும் இன்சென்டிவ் கொடுத்தார்கள். அன்றோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கண்ணு. சொன்னால் தன் கூலி குறையும் என்றால் அண்ணன்கூடத் தம்பிக்குச் சொல்ல மாட்டான். இன்சென்டிவ் கணக்குப் போடும் பொறுப்பு உனக்கு வரும்போது மூன்று ஷிப்டையும் சேர்த்துப் போடு.

3. வித்தையை மறைக்கிற மூத்தவர் மேல் கோபப்படாதே. ஒரு ஃபிட்டர் இருந்தார். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். பையன்கள் கிட்டே வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்த கூட்டாளியை மில் வீட்டுக்கு அனுப்பியதை அவர் பார்த்திருந்தார். பிறகு வந்த மானேஜர், பழக்கிவிடுவதற்கென்று அவருக்குத் தனிப்படி போட்டார். எல்லார் முன்னாலும் அவரிடம் யோசனை கேட்டார். கொஞ்ச நாளில் அவரே ஒரு பையனின் கையைப் பிடித்து ஃப்ரேம் மேல் வைத்து, "அதிருதா? இது பேரிங். இப்ப இந்தப் பக்கம் தொட்டுப் பாரு" என்றார். மூடி வைத்த தொழில் மூத்தவரோடு போய்விடும். ஆனால் திறக்கச் சொல்வதற்கு முன்னால் அவர் சோற்றுக்கு உத்தரவாதம் வேண்டும்.

4. தப்பை ஒப்புக்கொண்டவரைத் திட்டாதே. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று நினைத்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அந்தக் குழுக்களில் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், அதனால்தான் எண்ணிக்கை கூடியது என்று புரிந்துகொண்டார். ஒரு தப்புகூட இல்லாத ரெஜிஸ்டரைக் கண்டால் எனக்கு இன்றும் பயம்தான்.

5. மற்ற மில்லிடமும் கற்றுக்கொள். நம் கோயம்புத்தூரில் 1956-ல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, மில்களின் உற்பத்தியையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறது. சந்தையில் மோதிக்கொள்கிற முதலாளிகளே கணக்கைக் கொடுக்கும்போது, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற நமக்கு என்ன தயக்கம்?

6. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உன் டிபார்ட்மென்டில் இருப்பார்கள். தமிழ் வராததால் பேசாமல் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிடாதே. அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பழகு. மெஷின் பக்கத்தில் நின்று கையால் காட்டச் சொல். அவர் சொன்னதால் ஒரு கோளாறு சரியானால், ரிப்போர்ட்டில் உன் பெயருக்கு முன்னால் அவர் பெயரை எழுது.