ஐந்து தீவும் பதினைந்து நாளும்

திருக்கழுக்குன்றம்,
ஐப்பசி 5

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ போட்ட பயணத் திட்டத்தை உன் அப்பா வாட்ஸ்அப்பில் காட்டினான். எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அச்செடுத்து வந்து படித்தேன். டிசம்பரில் பதினைந்து நாள் விடுப்பு. பெர்த்துக்கு எதிரே ராட்னஸ்ட், குயின்ஸ்லாந்தில் கர்ரி என்கிற மணல் தீவு, விட்சண்டே, லார்ட் ஹோவ், கடைசியில் பிஜி. சிட்னியிலிருந்து பெர்த்துக்கு மட்டுமே 3,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதே அம்மா! அங்கே ஒரு பகல், பிறகு கண்டத்தின் மறுகோடிக்குப் பறந்து வந்து இன்னோர் இடத்தில் ஒன்றரை நாள். பென்சிலை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். உருப்படியான நேரமெல்லாம் விமான நிலையத்திலும் படகுத்துறையிலும் போகிறது.

"பெரியப்பாவுக்கு டூரிஸ்ட் பத்தித் தெரியும், கேட்டுப் பாருங்க" என்று நீ சொன்னதாக உன் அப்பா சொன்னான். கேட்டதனால் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிள் கடைதான். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் விட்டுத்தான் உங்கள் அண்ணன்மாரைப் படிக்க வைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. ஒரு வகை, "மணிக்கு எவ்வளவு?" என்று கேட்கும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது மாதிரி ஒரு போட்டோ, அத்தோடு சரி. இன்னொரு வகை, "வாரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்கும். இவர்கள் முதல் இரண்டு நாள் வழி தெரியாமல் வெயிலில் சிவந்துபோய் வருவார்கள். மூன்றாம் நாள், எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வடை போடுகிறார்கள் என்பது தெரிந்திருக்கும். அதற்கடுத்து ஏதாவது ஒரு சிற்பப் பட்டறையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். போட்டோகூட எடுக்க மாட்டார்கள், உளி மழுங்குவதையும் தீட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வாரக் கடைசியில் சதுரங்கப்பட்டினம்வரை மிதித்துவிட்டு வந்து, பிறந்ததிலிருந்து இங்கேயே கிடக்கும் நான் பார்க்காத எதையாவது எனக்கே சொல்வார்கள். அதற்குள் இளநீர்க்காரரும் அவர்களிடம் விலை ஏற்றிச் சொல்வதை விட்டிருப்பார்.

நீ வேடிக்கை பார்க்கப்படும் ஊரில் பிறந்து வளர்ந்தவள். சிட்னியில் உன்னோடு வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த அனுபவம் இருக்கும்? வந்தவர்கள் நம்மை எப்படிப் பார்த்தால் நமக்குப் பிடித்தது, எப்படிப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது என்பது உனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு தீவுக்குப் போ. வேறு வழிகாட்டி வேண்டாம்.

நம் திருக்கழுக்குன்றம் மலைக்குக் கழுகு வந்த காலம் உனக்கு நினைவிருக்காது. நீ கைக்குழந்தை. மதியத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை மூச்சிரைக்க ஏறுவார்கள். பண்டாரம் பாறையில் சர்க்கரைப் பொங்கலை வைப்பார். காசியில் குளித்து, இங்கே உண்டு, ராமேசுவரம் போவதாகச் சொல்லப்பட்ட அந்த இரண்டு மஞ்சள்முகப் பாறுகளும் வந்து கொத்திவிட்டுப் போகும். "ஆச்சு, இறங்கு" என்று கூட்டம் இறங்கிவிடும். கீழே பக்தவத்சலேசுவரர் கோயில் இருப்பதையே பலர் திரும்பிப் பார்த்ததில்லை. 1990-களின் கடைசியில் கழுகு வருவது நின்றது, அந்த பஸ்களும் நின்றன. மலைக்கோயில் வேதகிரீசுவரர் அங்கேயேதான் இருக்கிறார். ஒரு காட்சிக்காக மட்டும் வருகிறவனுக்கும் ஊருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

மலையிலேயே ஒருகல் மண்டபம் இருக்கிறதே, பல்லவர் குடைவரை, அதன் சுவரையும் தூணையும் அடுத்த முறை வரும்போது உற்றுப் பார். சதுரங்கப்பட்டினம் கோட்டையிலிருந்த டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் இங்கே உல்லாசமாக வந்து, தங்கள் பெயரையும் ஆண்டையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று கரிக்கட்டையால் காதலி பெயர் எழுதுகிறவனைத் திட்டுகிறோம். அதையே முந்நூறு ஆண்டுக்கு முன்னால் செய்தால் தொல்லியல் துறை காவல் போட்டுக் காப்பாற்றுகிறது! அதே டச்சுக் கம்பெனி மாலுமிகள்தான் நீ போகும் பக்கத்திலும் கைவரிசை காட்டியவர்கள். 1616-ல் டர்க் ஹார்ட்டாக் என்ற கப்பல் தலைவர் மேற்கு ஆஸ்திரேலியாவை ஒட்டிய தீவொன்றில் இறங்கி, ஈயத்தட்டில் தன் வருகையைப் பொறித்துக் கம்பத்தில் அடித்துவிட்டுப் போனார். 1697-ல் அங்கே வந்த விளாமிங் என்ற இன்னொரு டச்சுக் கப்பல் தலைவர் அதைக் கழற்றிக்கொண்டு, அந்த வாசகத்தோடு தன் வரியையும் சேர்த்துப் புதுத்தட்டு அடித்தார். பழைய தட்டு இப்போது ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த விளாமிங் முந்தைய வருடக் கடைசியில் பார்த்ததுதான் உன் பட்டியலில் முதலில் நிற்கும் ராட்னஸ்ட். அங்கே திரியும் குவாக்கா என்ற சாதுவான பையுயிரியைப் பெரிய எலி என்று நினைத்து, தீவுக்கே எலிக்கூடு என்று பெயர் வைத்துவிட்டார். வந்து ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் எலியில்லை என்று தெரிந்திருக்கும்.

ராட்னஸ்டுக்கு என்னை உன் அண்ணன் கூட்டிப்போயிருக்கிறான், பெர்த்தில் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது. ஃபிரீமேன்டிலில் படகு ஏறினால் அரை மணி நேரம். போகிறவர்கள் கார் கொண்டுபோக முடியாது, சைக்கிள்தான். வரிசையாக வாடகை சைக்கிளைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? செயின் தொய்வைத் தொட்டுப் பார்த்தேன். உன் அண்ணனுக்கு மானம் போயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, குவாக்காவோடு ஆளாளுக்கு செல்ஃபி எடுத்தார்கள். எல்லாம் அழகுதான். ஆனால் அந்தத் தீவு 1838-லிருந்து கறுப்பினப் பூர்வகுடிகளை அடைத்து வைத்த சிறை. ஏறக்குறைய 3,700 ஆண்களும் சிறுவர்களும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 370-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் புதைமேட்டின் மேல்தான் பல காலம் விடுமுறைக்காரர்கள் கூடாரம் அடித்துத் தூங்கினார்கள். சிறைக் கட்டடமே 2018 வரை விடுதியாக இருந்தது. நூங்கார் மக்கள் அந்தத் தீவை வாட்ஜமப் என்கிறார்கள். காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புகிறவனுக்கு இதையெல்லாம் கேட்க ஏது நேரம்? நீ ராட்னஸ்ட் போவதானால் அண்ணன் வீட்டுக்கு என்று தனியாக ஒரு தடவை போ. இந்தப் பட்டியலில் இருந்து அதை அடித்துவிட்டேன்.

கர்ரியையும் விட்சண்டேயையும்கூட அடித்துவிட்டேன். டிசம்பரில் வடக்கு குயின்ஸ்லாந்துக் கடலில் கொட்டும் சொறிமுட்டை காலம், உடம்பு முழுக்க மூடிய உடுப்பில்தான் இறங்க வேண்டும். கர்ரிக்கு, மணலில் ஓடும் வண்டியும் அதை ஓட்டத் தெரிந்தவரும் வேண்டும். மாப்பிள்ளை ஓஎம்ஆரில் ஓட்டியதையே நான் பார்த்திருக்கிறேன். சொன்னேன் என்று சொல்லாதே.

மிச்சம் இரண்டு. இதில் லார்ட் ஹோவை நான் பார்த்ததில்லை, படித்திருக்கிறேன். பதினைந்து நாளில் ஒன்றுக்குத்தான் போகலாம் என்றால் அங்கே போகச் சொல்வேன். சிட்னியிலிருந்து இரண்டு மணி நேர விமானம். நீளம் பத்துப் பதினொரு கிலோமீட்டர், தெற்கே 875 மீட்டர் உயரத்தில் கோவர் மலை. 1982-லேயே யுனெஸ்கோ பட்டியலில் வந்த இடம், நம் மாமல்லபுரத்துக்கு இரண்டு வருடம் முன்னால். ஒரே நேரத்தில் 400 விருந்தாளிகளுக்கு மேல் தீவில் தங்க விடமாட்டார்கள். குடியிருப்பவர்களும் ஏறத்தாழ அவ்வளவு பேர்தான். அங்கேயும் சைக்கிள்தான். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இந்த 400 என்ற கணக்கின் அருமை தெரியும். அன்றைக்கு நான் கடையைத் திறந்ததே இல்லை.

எனக்கு அந்தத் தீவின்மேல் ஆசை வந்ததற்கு வேறு காரணம் உண்டு. 1918-ல் மகாம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியது. கப்பலிலிருந்து எலிகள் இறங்கின. தீவுக்கென்றே இருந்த பறவை இனங்கள் சில இல்லாமலே போயின. நம் கானாங்கோழி வகையைச் சேர்ந்த, பறக்கத் தெரியாத ஒரு பறவை, 1970-களில் முப்பது தேறாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. முதலில் அதைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். பிறகு 2019-ல் தீவு முழுக்க மருந்து வைத்து எலி ஒழிப்பு. அதற்கு ஊர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைகள் இருக்கிற இடம், மருந்து வேண்டாம் என்று பாதி ஊர், வேண்டும் என்று பாதி ஊர். பல வருடம் சண்டை போட்டு, ஓட்டுப் போட்டு, மயிரிழையில் வேண்டும் என்று முடிவானது. இன்று அந்தக் கோழிகள் வீட்டு வாசலில் திரிகின்றனவாம். நம் மலையில் கழுகு நின்றதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், சாபம் என்பார்கள், கலிகாலம் என்பார்கள். வரவழைக்க என்ன செய்யலாம் என்று நாம் ஒருநாள் கூடிச் சண்டை போட்டதில்லை. நீ அங்கே போனால் அந்தச் சண்டையில் இருந்தவர் யாரையாவது பிடித்து விவரமாகக் கேட்டு எனக்கு எழுது. எந்தப் பக்கத்து ஆளானாலும் சரி.

செலவு கூடுதல்தான். சாமான் எல்லாம் கப்பலில் வர வேண்டும், கப்பலோ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அரிசி பருப்பு எடுத்துக்கொண்டு, சமையலறை உள்ள விடுதியாகப் பார். ஷூவின் அடிமண்ணைக் கழுவிக்கொண்டு போ. வெளிமண்ணில் வரும் செடிநோய்க்கு அவர்கள் பயப்படுகிறார்கள்.

பிஜியை இந்த டிசம்பரில் வேண்டாம் என்கிறேன், நவம்பர் முதல் ஏப்ரல்வரை அங்கே புயல் மாதங்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குத் தனியாக இரண்டு வாரம் எடு, ஆடி மாதமாகப் பார்த்து. நாந்தி விமான நிலையத்தில் இறங்கியதும் படகுத்துறைக்கு ஓடி, வெள்ளை மணல் தீவு விடுதியில் ஊஞ்சல் கட்டிப் படுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நம்மவர்கள் அப்படி உல்லாசமாகவா அந்த மண்ணில் இறங்கினார்கள்? 1879-ல் தொடங்கி 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் கொண்டுபோனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது. மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தெற்கத்தி ஆள், வட ஆர்க்காட்டுக்காரர்கள் நிறைய. அந்தத் தோட்டத்துப் பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் பாடினார். 1920-ல் ஒப்பந்தம் ஒழிந்தது. 1926-ல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் ஏற்பட்டுப் பள்ளிக்கூடங்கள் வந்தன.

நாந்தி கடைத்தெருவின் தெற்குக் கோடியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. நம்மூர் முறைப்படி கட்டிய கோபுரம், வண்ணம்தான் கொஞ்சம் தூக்கல். அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார். பேச்சு பிஜி இந்தியில்தான் வரும். அதைக் கேட்டு முகம் சுளிக்காதே. சுவாவில் ஹோவல் ரோடு மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறார்கள். ஆடி என்று சொன்னது அதற்காகத்தான். பூர்வகுடி பிஜியர் கிராமத்துக்குப் போனால், அவர்கள் குடிக்கும் யங்கோனா வேரை ஒரு கட்டு வாங்கிக்கொண்டுபோய் ஊர்த்தலைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடாது, முழங்கால் மூடியிருக்க வேண்டும். செருப்போடு சந்நிதிக்குள் வந்த வெள்ளைக்காரரை உன் பாட்டி விரட்டியது ஞாபகம் இருக்கிறதல்லவா, அதே சமாசாரம். திரும்பி வரும்போது பிரசாதம் என்று தேங்காயும் பூவும் சிட்னிக்குக் கட்டிக்கொண்டு வராதே. எதைக் கொண்டுவந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் எழுது, மறைத்தால் அபராதம் போடுவார்கள்.

கடல் விஷயம் ஒன்று. நாம் கடலோரத்துக்காரர்கள் என்று பேர்தான், மீனவக் குப்பத்தைத் தாண்டினால் நீச்சல் தெரிந்தவன் கிடையாது. மாமல்லபுரத்தில் வருடா வருடம் காலேஜ் பிள்ளைகள் போவதைப் பார்த்தவள் நீ. ஆஸ்திரேலியாவில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டுக்கும் நடுவில்தான் இறங்க வேண்டும். உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதே, சக்தி போய்விடும். கையைத் தூக்கு, மித, பக்கவாட்டில் விலகு. ஊருக்கு ஊர் நீச்சல் குளம் வைத்திருக்கிறார்கள், டிசம்பருக்குள் இரண்டு பேரும் கற்றுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையிடம் இதை நான் சொன்னேன் என்றே சொல்லலாம்.

லார்ட் ஹோவில் பத்து நாள் என்ன செய்வது என்று கேட்பாய். ஒன்றும் செய்யாதே. மழை பெய்தால் பெய்யட்டும். மூன்றாம் நாள் கட்டாயம் அலுப்புத் தட்டும், டிக்கெட்டை முன்னால் மாற்றலாமா என்று தோன்றும். மாற்றாதே. என் கடையில் வார வாடகைக்கு எடுத்தவர்களில் பாதிப்பேர் அந்த மூன்றாம் நாள்தான் வந்து, "மீதிப் பணம் தருவாயா?" என்று கேட்பார்கள். நான் தந்ததே இல்லை. அவர்களில் சிலர் அடுத்த வருடமும் வந்தார்கள்.

நான்கு தீவை வெட்டியதில் விடுப்பில் ஐந்து நாளும் கையில் கொஞ்சம் பணமும் மிஞ்சும். சித்திரைத் திருவிழாவுக்கு நீ வருவாய் என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். தேரன்று இங்கே இருக்கும்படி டிக்கெட் போட்டுவிட்டு, அவளுக்கு நீயே போன் செய். எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். உன் அண்ணன் கொடுத்த குவாக்கா பொம்மையே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கதவைத் திறந்தால் விழுகிறது.

அன்புடன்,
பெரியப்பா