குளிர்கால இரவில் குழந்தையின் உடை

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஜனவரி மாதத்து விடியற்காலையில் அங்கு உஷ்ணநிலை சாதாரணமாக 15 அல்லது 16 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கும். 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் அது 7.8 டிகிரியைத் தொட்டதாகப் பதிவாகியுள்ளது. தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பழைய கண்டோன்மெண்டுப் பகுதிகளுள் ஒன்றான ரிச்சர்ட்ஸ் டவுனில், மார்கழி பிறந்ததும் குழந்தைக்குச் சட்டைமேல் சட்டை, ஸ்வெட்டர், குல்லா, காலுறை என அடுக்கி, அதன்மேல் கம்பளியும் போர்த்துவதைக் காணலாம். இது அன்பின் செயலேயாயினும், எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லா வயதிலும் பொருந்துவதன்று.

பிறந்த குழந்தையின் உடற்பரப்பு, அதன் எடையோடு ஒப்பிடுகையில், பெரியவர்களுக்கு உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆகவே வெப்பம் விரைவில் வெளியேறுகின்றது. குளிரில் நாம் நடுங்குவதுபோல் நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. கழுத்து, தோள்பட்டை, முதுகு ஆகியவற்றை ஒட்டிய பழுப்புக் கொழுப்பை எரித்தே அது தன்னைக் காத்துக்கொள்கின்றது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இக்கொழுப்பும் சொற்பம்.

ஈரத்தின் கேட்டை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உஷ்ணநிலை ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 2,500 கலோரி வெளியேற வேண்டும். எனவே ஈரத் துணியிலிருந்து ஐந்து கிராம் நீர் உடலின் வெப்பத்தைக் கொண்டே ஆவியாகி, உடல் அதனை ஈடுசெய்யாதிருந்தால், ஒரு டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். நனைந்த துணியின்மேல் போர்த்தும் கம்பளி எவ்வளவு தடித்ததாயினும் பயன் சிறிதே. பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டலாகாது என்பதற்கும் இதுவே முக்கியமான காரணம்.

பிறந்த சில நாட்களுக்கும், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் குல்லாவும் காலுறையும் அவசியம். இவர்களுக்குத் தாயின் மார்பைவிடச் சிறந்த போர்வை இல்லை. கொலம்பியாவின் போகோட்டா நகரில் எட்கர் ரே என்னும் மருத்துவர் 1978-இல் தொடங்கிய தோலோடு தோல் அணைக்கும் முறை, இன்று இந்திய மருத்துவமனைகளிலும் கையாளப்படுகின்றது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இவ்வாறு அணைத்ததால் அவர்களின் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

நிறைமாதத்தில் பிறந்து, சில வாரங்கள் கடந்து, எடை ஏறிவரும் குழந்தையின் நிலை வேறு. 1990-இல் வெளியான இங்கிலாந்தின் ஏவன் வட்டார ஆய்வு, உறக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகள் பிறரைவிட அதிகமாகப் போர்த்தப்பட்டும் குப்புறப் படுத்தும் இருந்தனர் எனக் காட்டிற்று. மிகுந்த வெப்பத்தைக் குழந்தை தலை, முகம் வழியாகவே பெரிதும் வெளியேற்றுகின்றது. இறுகிய குல்லா அதனைத் தடுக்கும், நழுவினால் மூக்கையும் மூடும். பிரிட்டனில் குழந்தை உறங்கும் அறைக்குப் பரிந்துரைக்கும் உஷ்ணநிலை 16 முதல் 20 டிகிரி. பனி பெய்யும் நாட்டினர் எரிபொருள் செலவிட்டு அடையும் நிலை, ரிச்சர்ட்ஸ் டவுனில் பல இரவுகளில் இலவசமாகவே கிடைக்கின்றது!

ஆகையால் அதே அறையில் பெரியவர் ஒருவருக்கு வேண்டியதைவிட ஓர் அடுக்கு மட்டும் கூடுதலாக உடுத்துவது போதும். உள்ளே முழுக்கை பருத்திச் சட்டை, மேலே ஃபிளானல் அல்லது மெல்லிய கம்பளிச் சட்டை, கால்சட்டை. தடித்த ஓர் ஆடையைவிட மெல்லிய இரண்டு நன்று. இடையில் தங்கும் காற்றே வெப்பத்தைக் காப்பது. தளர்ந்த போர்வை முகத்தின்மேல் ஏறும்; போர்த்துவதாயின் அக்குள் மட்டத்தோடு நிறுத்தி, ஓரங்களைப் பாயின் கீழ் செருகவேண்டும். கால்களை நீட்டி இறுகச் சுற்றுவது இடுப்பு மூட்டை விலகச் செய்யலாம். மல்லாந்து படுக்கவைப்பதே முறை. இரவில் தூளியைவிடச் சமமான படுக்கை மேல். தூளியில் கழுத்து மடங்கவும் துணி முகத்தருகே கூடவும் இடமுண்டு.

போதுமா, மிகுதியா என்பதைக் கையே கூறும். புறங்கையால் வயிற்றையும், பின்பு பாதத்தையும் தொடுக. இரண்டும் வெதுவெதுப்பாயின் குறையில்லை. வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் குளிர்ந்தும் இருப்பின், குறிப்பாகப் பிறந்த குழந்தைக்கு, குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. தாய் அணைத்துப் பாலூட்டி, ஓர் அடுக்கு சேர்க்கவேண்டும். இரண்டும் குளிர்ந்திருந்தால் அணைத்தவாறே மருத்துவரிடம் செல்லவேண்டும். பிடரி வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் களைக.

மூடிய அறையில் கரிச்சட்டி வைப்பதை மட்டும் எவ்விதத்திலும் அனுமதிக்கலாகாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. குளித்தபின் தலை உலரக் காட்டும் சாம்பிராணிப் புகையும் சிறு நுரையீரலுக்கு ஆகாது. உலர்ந்த துண்டு அவ்வேலையைச் செய்துவிடும். ஆஷா பணியாளர்கள் குழந்தை பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டிற்குச் செல்கின்றனர். அப்போது பாட்டியின் கையையே பிடித்துக் குழந்தையின் வயிற்றிலும் பாதத்திலும் வைத்துக் காட்டுதல் நலம். இரவில் துணியை அடுக்குபவர் பெரும்பாலும் அவரே.