புங்க மரத்தில் இலை எது?

கேள்வி: ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகப் புங்க மர நிழலில் நிற்கிறேன். ஒரே காம்பில் ஐந்து, ஏழு இலைகள் இருக்கின்றனவே, இதைத் தாவரவியலில் எப்படிச் சொல்வார்கள்? பூவையும் விளக்குங்கள்.
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அத்தனையும் சேர்ந்துதான் ஓர் இலை. அது கூட்டிலை; தனித்தனியாகத் தெரிபவை சிற்றிலைகள். காம்பு கிளையோடு சேரும் இலைக்கோணத்தைப் பாருங்கள். மொட்டு அங்கேதான் இருக்கும். சிற்றிலைகளின் அடியில் இருக்காது. விளிம்பு மழுமழுவென்றால் புங்கு, ரம்பப் பல் இருந்தால் வேம்பு. பூவரசின் இதய வடிவ இலை, தனி இலை.

பூவின் வெளிவட்டம் புல்லி, அடுத்தது அல்லி. புங்கம்பூவில் அல்லி இதழ்கள் ஐந்து: பெரியது கொடியல்லி, பக்கவாட்டில் இரண்டு சிறகல்லிகள், கீழே இணைந்த இரண்டும் படகல்லி. அவரைப்பூவிலும் இதே அமைப்புதான். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பாடம் மறக்கவே மறக்காது.