"ஸ்டார் உண்டா மிஸ்?"

கேள்வி: மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒழுங்காக இருந்தால் ஸ்டார் ஸ்டிக்கர். சேட்டை செய்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இப்போது எதைச் சொன்னாலும் "ஸ்டார் உண்டா மிஸ்?" என்கிறார்கள். என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, ஆனையூர், மதுரை

பதில்: பேரம் பேசப் பழக்கியது நீங்கள்தானே! அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரிடம் ஒரு சோதனை செய்து 1973-இல் வெளியிட்டார்கள். பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே ஸ்டிக்கர் இருக்கட்டும், முன்கூட்டி விலை பேசாதீர்கள். வாய்ப்பாடு மாதிரி கசக்கிற வேலைக்கு மட்டும் கொஞ்சநாள் ஸ்டார் ஓடலாம். "குட் பாய்" என்பதைவிட, "பக்கத்துப் பையனுக்கு ரப்பர் கொடுத்தாயே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

வெளியே நிறுத்துவதை இன்றே விடுங்கள். பாடமும் போகிறது, மானமும் போகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. தண்ணீரைக் கொட்டியவன் துடைக்கட்டும். சுவரில் கிறுக்கியவன் அழிக்கட்டும். அதுவும் அன்றைக்கே, கேலி இல்லாமல். "நல்லா நாலு போடுங்க டீச்சர்" என்று பெற்றோர் சொல்வார்கள். அந்த அனுமதியைத் தர அவர்களுக்கும் உரிமையில்லை.