வயதை வைத்து மருந்து அளக்காதீர்கள்

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் நிறை வரும் என்று அண்ணன் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் 14 கிலோ. காய்ச்சல் பாணியை அந்தக் கணக்கில் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பெரகல

பதில்: கொடுக்க வேண்டாம். வலிப்போடு தூக்கி வரும் பிள்ளையை நிறுக்க நேரமில்லாதபோது டாக்டர் போடும் கணக்கு அது. அதுவும் ஒன்று முதல் ஐந்து வயது வரைக்கும்தான். நன்றாக வளர்ந்த பிள்ளைக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். உலக சுகாதார அமைப்பின் அட்டவணையில் மூன்று வயதுப் பெண் பிள்ளையின் நடு நிறை 13.9 கிலோ.

நம் தோட்டங்களின் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டங்களில் சுமார் 32 சதவீதம். மூன்று வயதில் 11 கிலோ மட்டுமே உள்ள பிள்ளை லயங்களில் அபூர்வமல்ல.

பரசிட்டமோல் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 11 கிலோவுக்கு 165. 14 என்று நினைத்துக் கொடுத்தால் 210. காய்ச்சலில் சாப்பாடு இறங்காமல் கிடக்கும் மெலிந்த பிள்ளைக்கு நாளுக்கு நாலு வேளை அப்படிக் கொடுத்தால் ஈரல் பழுதாகலாம். கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைந்தால் மடுவத்தில் சண்டைக்கு நிற்கிறோம். பெற்ற பிள்ளையின் நிறையை மட்டும் ஏன் குத்துமதிப்பாகச் சொல்கிறோம்?

பிள்ளை தராசில் நிற்காவிட்டால் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள். மருந்தெடுக்கப் போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய், வயதுக்கு முன்னால் கிலோவைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு வயது மகள் 7.8 கிலோதான். பிறந்தபோது 2.3 கிலோ. பக்கத்துக் காம்பராப் பிள்ளை 10 கிலோ. கவலையாக இருக்கிறது.
– ஹல்துமுல்ல

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா. ஒரு வயதில் பிறந்த நிறையைப் போல் மூன்று மடங்கு வரவேண்டும். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். பக்கத்து வீட்டைப் பார்க்காமல் கொப்பியிலுள்ள கோட்டைப் பாருங்கள். கோடு மேலே ஏறும்வரை பயமில்லை. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இங்கே சரியான குளிர். ஸ்வெட்டர், சப்பாத்தோடு நிறுத்தால் என்ன?
– ஹப்புத்தளை

பதில்: கழற்றிவிட்டு நிறுங்கள். உடுப்பின் பாரமும் சேர்ந்தால், இளைத்த பிள்ளையும் தேறியதாகக் காட்டும்.