பூவும் பிரமாணமும்

திருச்சிராப்பள்ளிக் கோட்டைப் பகுதியில், தெப்பக்குளத்தை அடுத்து நிற்கும் கிறிஸ்து ஆலயம் சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில், 1766-ஆம் ஆண்டில், பிரதிஷ்டை செய்யப்பெற்றது. அவ்வாலயத்தில் 1826-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் நாட் காலையில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்திவிட்டு விடுதிக்குத் திரும்பிய ஈபர் அத்தியட்சர், குளிக்க இறங்கிய நீரிலேயே உயிர் துறந்தார். அப்போது அவருக்கு 43 வயதும் நிறையவில்லை. தூய யோவான் ஆலயத்தில் அவர் கல்லறையைக் கண்டோர் நம்மிற் பலர். அவர் இவ்வூருக்கு எந்த வழக்கை மனத்திற் சுமந்துகொண்டு வந்தார் என்பதை அறிந்தோரோ சிலர். அது பெரிதும் வீட்டைப் பற்றிய வழக்கு.

சுவார்ட்ஸ் ஐயருக்குப் பின் வந்த மிஷனெரிமார் சிலர், அவர் காலத்தில் தடையின்றி நடந்த வழக்கங்கள் பலவற்றை அஞ்ஞானமென்று விலக்கத் தொடங்கினர். 1826 மார்ச்சு மாதத்தில் ஈபர், ஷ்ரைவோகல் என்னும் லுத்தரன் குருவுக்கு இதுபற்றி ஒரு நிருபம் வரைந்தார். கிறிஸ்துவுக்கு மாறானதும் ஒழுக்கக் கேடானதும் சபையில் நிலைத்தல் கூடாது என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும், புதியவர்கள் வேண்டும் அளவுக்கு மிஞ்சிக் கண்டிப்புக் காட்டுகிறார்களோ, சுவார்ட்ஸும் அவர் தோழரும் பொறுத்தவற்றை இவர்கள் பொறாதிருக்கிறார்களோ என்று தாம் அஞ்சுவதை அவர் ஒளிக்கவில்லை. தீர விசாரிக்க எண்ணினார். விசாரணை முடியுமுன் மரணம் முந்திக்கொண்டது.

விசாரணை முற்றுப்பெறாமையால் மனக்கசப்பு வளர்ந்தது. 1829-இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், மிஷனெரிமார் செய்த கொடுமைகளென நான்கைக் குறித்தெழுதினார்: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதிகளை வலிந்து ஒன்றாக்க முயன்றது, விழாக் கூட்டங்களினின்று பூக்களை நீக்கியது, தமிழிசையைத் தடுத்தது. இந்நான்கும் ஒரே வரிசையில் நிற்பதை வாசகர் ஊன்றி நோக்கல் வேண்டும். சாஸ்திரியாரின் பேரறிவுக்குத் தலைவணங்குவேன். எனினும் இங்கே அவரும் தவறினார் என்றே சொல்வேன். பூவும் சாதியும் ஒரு வரிசையில் வைக்கத்தக்கனவல்ல. மல்லிகைச் சரம் எவரையும் வாயிற்படிக்கு வெளியே நிறுத்துவதில்லை, சாதி நிறுத்துகிறது. மிஷனெரிமார் பூவைச் சாதியைப்போல் வெறுத்தனர். சபையாரோ சாதியைப் பூவைப்போல் காத்தனர். பிரமாணப் பற்று என்னும் பிணி இருதரத்தாரையும் பற்றியிருந்தது. 1833-இல் உவில்சன் அத்தியட்சர் சாதியை முற்றும் விட்டொழிக்கவேண்டுமென்று கட்டளையிட்டபோது, இவ்வூரிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர்.

கத்தோலிக்கரிடத்தும் இதனையொத்த வழக்கு முன்னமே எழுந்தது. 1704-இல் புதுச்சேரியில் தூர்னோன் வெளியிட்ட ஆணை, கலியாணத்தில் தேங்காய் உடைத்தலைத் தடுத்தது. அதே ஆணை, தீண்டாதவர் எனப்பட்டோர் நோயுற்றால் குருமார் அவர்தம் இல்லத்துக்கே சென்று காணவேண்டுமென்றும், மாதவிலக்கைக் காரணங்காட்டிப் பெண்களைத் திருவருட்சாதனங்களினின்று விலக்கலாகாதென்றும் விதித்தது. ஒரே ஏட்டில் தேங்காயும் இருக்கிறது, நோயாளியின் குடிசையும் இருக்கிறது! பின்னதற்காக அன்பர் உயிரையும் கொடுக்கலாம். முன்னதற்காக ஓர் இல்லத்தின் சமாதானத்தைக் கொடுக்கலாமா?

இவை பழங்கதையென்று எண்ணவேண்டா. ஸ்ரீரங்கத்துச் சாத்தார வீதிப் பூச்சந்தையில் சரம் வாங்கிச் சூடிக்கொண்டு ஆலயஞ் செல்லும் கிறிஸ்தவ மாதரும் உளர்; பூவையும் நகையையும் அறவே விலக்கிய சபையினரும் இதே நகரில் உளர். விலக்குவோர் பவுலின் சொல்லைக் காட்டுவர். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால், மயிர் பின்னுதல், பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை என்பன அங்குள்ளன. பூவின் பெயர் இல்லை. முதலிற் கூறப்பட்ட பின்னலையோ நம் நாட்டில் எவரும் விலக்கக் காணோம். விலையுயர்ந்த பட்டோ, கலியாண நாளில் எல்லாச் சபையிலும் பளபளக்கிறது! எழுத்தைப் பிடித்தோம் என்பார் எழுத்தையும் முழுதும் பிடிப்பதில்லை.

வேற்றுமையுள்ள இரு சபையினின்று மணமக்கள் கூடும்போது இத்தொல்லை முதல் வாரத்திலேயே தலைகாட்டும். இதற்கு ரோமர் 14-ஆம் அதிகாரம் நேரே விடை சொல்லுகிறது. உண்பவன் உண்ணாதவனை அற்பமாய் எண்ணலாகாது. உண்ணாதவன் உண்பவனைத் தீர்க்கவும் கூடாது. சூடாதிருக்க மனச்சாட்சி ஏவினால் மனைவி சூடாதிருக்கட்டும். கணவனது மனச்சாட்சிக்காக அவள் கூந்தல் வெறுமையாகவேண்டும் என்பதற்கு அவ்வதிகாரத்தில் இடமில்லை.

வீட்டில் ஒரு விதியை நாட்டுமுன், அதன் பாரம் யார் தோளில் விழுகிறது என்று பார்த்தல் நன்று. கொர்பான் என்று சொல்லித் தாய்தந்தையர்க்குரியதை மறுத்தவர்களை ஆண்டவர் கண்டித்தது, விதியின் பாரத்தை முதியோர்மேல் தள்ளி அதற்குப் பக்தியென்று பெயரிட்டதனாலன்றோ? ஓய்வுநாளில் அடுப்பு எரியலாகாது என்னும் வீடுகள் சிலவற்றைக் கண்டிருக்கிறேன். அங்கே ஞாயிறு முழுதும் ஆடவர் ஓய்ந்திருப்பர். அவ்வோய்வுக்கு வேண்டிய குழம்பும் பலகாரமும் சனிக்கிழமை நள்ளிரவு மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். மறுநாள் வேதபாடத்தின் நடுவே தலைசாய்ந்து உறங்குபவள் யாரென்று சொல்லவும் வேண்டுமோ? அவளைத் தட்டி எழுப்பிப் பக்திக்குறைவென்று கடிந்துகொள்பவரும் உண்டு. அவ்வீட்டுத் தலைவர் சனிக்கிழமை மாலையில் அடுக்களை வாயிலில் நின்று, "நாளைக்குப் பழஞ்சோறும் துவையலும் போதும், நீ போய்ப் படு" என்று சொல்லட்டும். விருந்தினர் வந்துவிட்டால் ஞாயிறன்றே அடுப்பை மூட்டட்டும். விறகைத் தாமே பிளந்து கொடுக்கட்டும்.