ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதப்போறியா? அக்கா சொல்றதைக் கேளு

உங்க டீம் செஞ்ச டூலை ஏஐ ஏஜென்ட் தப்புத்தப்பா கூப்பிடுதுன்னா, எடுத்த எடுப்புலயே மாடல் மேல பழியைப் போடாதம்மா. அந்த டூலுக்கு நீங்க எழுதிவச்ச விளக்கத்தை எடுத்து நிதானமாப் படிச்சுப் பாரு. பல நேரம் கோளாறு அங்கதான் இருக்கும்.

மனுஷ டெவலப்பருக்குப் புரியலைன்னா பக்கத்து சீட்ல கேட்பார், பழைய மெயிலைத் தேடுவார், கோடைத் திறந்து பார்ப்பார். ஏஜென்ட் கையில பெரும்பாலும் இருக்கிறது மூணே மூணு: டூலோட பேரு, விளக்கம், என்னென்ன உள்ளீடு வேணும்னு சொல்ற ஸ்கீமா. 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் காலிங் கொண்டுவந்தப்பவும், 2024 நவம்பர்ல ஏஐயையும் டூலையும் இணைக்கிற எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) நெறிமுறையை ஆந்த்ரோபிக் வெளியிட்டப்பவும் அடிப்படை இதுதான். நீ எழுதாம விட்ட இடத்தை அது யூகத்தால நிரப்பிக்கும், அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காம. உன் மனசுல இருக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?

பேருலயே ஆரம்பி. 'கெட்_டேட்டா'ன்னு வச்சா எந்த டேட்டா? 'கெட்_லீவ்_பேலன்ஸ்'னு வை. உள்ளீட்டுப் பேருக்கும் இதே கதைதான். 'யூசர்'னு விட்டா ஊழியர் பேரா, ஈமெயிலா, ஊழியர் எண்ணான்னு அதுக்குப் புரியாது. 'எம்ப்ளாயீ_ஐடி'ன்னு போட்டா சந்தேகமே வராது.

விளக்கத்துக்குத்தான் நீ நிறைய நேரம் செலவு பண்ணணும். லீவு போடற டூல் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோ. நிறையப் பேர் "லீவு அப்ளை செய்யும்"னு ஒரு வரி எழுதிட்டு எழுந்து போயிடுவாங்க. நீ இப்படி எழுது: "ஊழியர் சார்பாக லீவு விண்ணப்பம் போடும். போட்டவுடன் மேனேஜருக்கு மெயில் போய்விடும். மீதி லீவை மட்டும் பார்க்க வேண்டுமானால் இதைக் கூப்பிடாதே, கெட்_லீவ்_பேலன்ஸைக் கூப்பிடு. அரை நாள் லீவு இதில் போட முடியாது. தேதி 2025-04-03 என்ற வடிவில் வர வேண்டும். வரிசை வருடம், மாதம், நாள்."

இதுல என்ன செய்யும்ங்கிறதோட எப்போ கூப்பிடக் கூடாது, எது முடியாது, கூப்பிட்டா வெளியில என்ன நடக்கும்னு மூணும் வந்துடுச்சு பாரு. ஒண்ணுபோல இருக்கிற ரெண்டு டூல் இருந்தா, எப்போ கூப்பிடக் கூடாதுங்கிற வரிதான் உன்னைக் காப்பாத்தும். தேதி விஷயத்துல அலட்சியமே வேண்டாம். 03/04/2025ன்னா நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கத்துல மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 வடிவம் இருக்கிறதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். லீவு வகை மாதிரி குறிப்பிட்ட சில மதிப்புதான் வரணும்னா, விளக்கத்துல சொல்றதோட நிறுத்தாம ஸ்கீமாவுலயே ஈனம் (enum) பட்டியலாப் போட்டு அடைச்சுடு.

பிழைச் செய்தியும் டாக்குமென்ட்தாம்மா, இதை யாரும் கணக்குலயே எடுக்கிறதில்லை. "எரர் 400"ன்னு மட்டும் திருப்பினா ஏஜென்ட் அதே கோரிக்கையை அப்படியே மறுபடி அனுப்பலாம். "தொடக்கத் தேதி 03/04/2025 என்று வந்தது; 2025-04-03 வடிவில் அனுப்பு"ன்னு சொல்லிப் பாரு, பெரும்பாலும் அடுத்த தடவையே திருத்திக்கும். டூல் திருப்பித் தர்ற முடிவுல 20 பதிவு மட்டும் காட்டினா, இன்னும் இருக்கு, அடுத்த பக்கம் கேளுன்னும் அங்கேயே எழுது. இல்லைன்னா மொத்தமே 20தான்னு நினைச்சு அதை வச்சே கணக்குப் போட்டுடும்.

அழிக்கிற, பணம் அனுப்புற டூல்னா கூடுதல் கவனம் வேணும். டைம்அவுட் ஆனதும் ஏஜென்ட் மறுபடி முயற்சி பண்ணலாம். ரெண்டு தடவை பணம் போயிட்டா யார் பதில் சொல்றது? பணப் பரிமாற்றச் சேவையான ஸ்ட்ரைப்ல இதுக்காகவே ஐடெம்பொடன்சி கீ இருக்கு: ஒரே கீயோட ரெண்டாவது தடவை கேட்டா புதுசாப் பணம் எடுக்காம முதல் பதிலையே திருப்பிக் கொடுக்கும். உன் டூல்லயும் அப்படி ஏற்பாடு இருந்தா எழுது, இல்லைன்னா "தானாக மறுமுயற்சி செய்யாதே"ன்னு எழுது. எம்சிபில ரீட்ஒன்லி ஹின்ட், டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்னு குறிப்புகள் இருக்கு, கண்டிப்பாப் போடு. ஆனா அது வெறும் குறிப்புதான், பூட்டு கிடையாது. அனுமதிச் சோதனை சர்வர்லதான் இருக்கணும்.

அதுக்காகப் பக்கம் பக்கமா எழுதித் தள்ளாதே. ஒவ்வொரு டூல் விளக்கமும் மாடலோட கான்டெக்ஸ்ட்ல இடம் பிடிக்கும். கம்பெனி வரலாறு, "மிக எளிமையான, சக்திவாய்ந்த" மாதிரி விளம்பரப் பேச்சு எல்லாத்தையும் வெட்டு. விளக்கத்துல உதாரணம் கொடுத்தா, அதுல நிஜ ஏபிஐ கீ வந்துடாமப் பார்த்துக்கோ.

எழுதி முடிச்சதும் புது செஷன்ல ஏஜென்ட்கிட்ட ஜனங்க கேட்கிற மாதிரியே கேளு: "அடுத்த வெள்ளிக்கிழமை லீவு வேணும், மீதி இருக்கான்னு பார்த்துட்டுப் போடு." எந்த டூலை முதல்ல கூப்பிட்டுச்சு, என்ன மதிப்பு அனுப்புச்சுன்னு லாக்ல வரிவரியாப் படி. அது தடுமாறின இடத்துல விளக்கத்தைத் திருத்திட்டு மறுபடி ஓட்டு. நாளைக்கு டூல்ல ஒரு உள்ளீடு மாறினா, அதே புல் ரிக்வெஸ்ட்லயே விளக்கமும் மாறணும். மாறலைன்னா அப்ரூவ் பண்ணாதே.